சின்னப் பிள்ளைகளோடு ஐரோப்பாவில் ஒரு மாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

3 வயது மகன், 6 வயது மகளோடு நானும் கணவரும் ஐரோப்பாவில் ஒரு மாதம் சுற்றினோம். இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் போனோம். அதிலிருந்து, கிளம்பப்போகிறவர்கள் யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். 2 முதல் 8 வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியவை இவை.

நான்கு வாரம் இருக்கிறது. எத்தனை நாடு பார்க்கலாம்?

நாட்டுக் கணக்கை விட்டுவிட்டு, ஒரு வீட்டில் எத்தனை இரவு தூங்கப்போகிறீர்கள் என்று எண்ணுங்கள். நான் சொல்வதிலேயே முக்கியமானது இதுதான். மீதிப் பதில்கள் எல்லாம் இதிலிருந்து வருபவை.

முதல் முறை நாங்கள் போட்ட திட்டத்தில் 26 நாளுக்கு 9 ஊர். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஊர் மாறுவது பெரியவர்களுக்கு மூன்று மணி நேர ரயில் பயணம். பிள்ளைகளுக்கு அது முழு நாள். காலையில் எழுப்ப வேண்டும், பெட்டி கட்ட வேண்டும், வீட்டைக் காலி செய்து நிலையத்துக்குப் போக வேண்டும். இறங்கிய பிறகும் புது வீட்டின் சாவி பெரும்பாலும் மாலை 3 மணிக்குத்தான் கிடைக்கும், அதுவரை லக்கேஜோடு எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று இரவு புது இடத்தில் சரியாகத் தூங்க மாட்டார்கள், மறுநாள் காலையும் பாதி போய்விடும். 9 ஊர் என்றால் 8 முறை மாறுகிறோம். ஒரு மாற்றத்துக்கு ஒன்றரை நாள் வைத்தால் 12 நாள் போயிற்று.

ஐந்தாவது ஊரில் மகன் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு உள்ளே வர மறுத்தான். "நேத்து வீட்டுக்குப் போலாம்மா" என்றான். முந்தின நாள் விட்டுவந்த வீட்டைச் சொல்கிறான். அங்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு பூனை வரும், அதுதான் அவனுக்கு அந்த ஊர். அன்று ராத்திரியே பாக்கித் திட்டத்திலிருந்து இரண்டு ஊர்களை எடுத்துவிட்டோம்.

ஒரு ஊருக்குக் குறைந்தது 5 இரவு வையுங்கள். மூன்று வாரத்துக்கு மூன்று ஊர், நான்கு வாரத்துக்கு நான்கு. தூரம் அதிகமாக இருந்தால் மட்டும் நடுவில் இளைப்பாற ஓரிரு இரவு.

ஒரு மாதிரித் திட்டம் சொல்ல முடியுமா?

இரண்டாம் முறை நாங்கள் போன வழி இது. ரோமில் இறங்கி, பாரிஸிலிருந்து திரும்பினோம். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறும் வேலை இல்லை. இப்படிப் போக ஓர் ஊர், வர ஓர் ஊர் என்று டிக்கெட் எடுத்தால் விலை பெரும்பாலும் சாதாரண இருவழி டிக்கெட்டை ஒட்டியே இருக்கும். தனித்தனி ஒருவழி டிக்கெட்டாகத் தேடாமல் பல ஊர்ப் பயணம் என்ற தேர்வில் தேடுங்கள்.

இத்தாலியில் ரோமில் 6 இரவு, லூக்காவில் 5, வெரோனாவில் 2, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பக்கம் ஒரு கிராமத்தில் 7, ஜூரிக்கில் நிலையத்துக்கு அருகே 1, பாரிஸில் 7. மொத்தம் 28. வெரோனாவும் ஜூரிக்கும் நீண்ட ரயில் பயணத்தை இரண்டாக உடைப்பதற்காக மட்டுமே.

ஏன் ஃப்ளாரன்ஸ் இல்லாமல் லூக்கா என்று எல்லோரும் கேட்கிறார்கள். லூக்காவின் பழைய கோட்டைச் சுவர் இன்றும் முழுதாக நிற்கிறது. சுற்றளவு 4 கிலோமீட்டருக்கு மேல். சுவரின் உச்சியே அகலமான சாலை போல இருக்கும், இருபுறமும் மரங்கள், கார் வராது. வாடகைக்கு சைக்கிள் எடுத்தோம், பின்னால் சின்னவனுக்கு ஓர் இருக்கை. மகள் தன் சைக்கிளில் தனியாக முழுச் சுற்றும் வந்தாள், நாங்கள் "பார்த்து, பார்த்து" என்று ஒரு முறைகூடக் கத்தவில்லை. பீசா அரை மணி நேர ரயில் தூரம். ஃப்ளாரன்ஸுக்கும் காலையில் போய் மாலையில் வந்துவிடலாம்.

இன்ஸ்ப்ரூக் பக்கம் ஏழு இரவு என்பதைக் குறைக்காதீர்கள். இரண்டு வாரம் கல் தெருவும் கூட்டமுமாக இருந்த பிறகு பிள்ளைகளுக்குப் புல்வெளி வேண்டியிருக்கும். ஆல்ப்ஸ் கிராமங்கள் பலவற்றில், தங்குகிறவர்களுக்கு வீட்டுக்காரரே விருந்தினர் அட்டை தருவார். உள்ளூர்ப் பேருந்துகளில் அதைக் காட்டினால் போதும். இன்ஸ்ப்ரூக்கில் ஆல்ப்ஸ் மலை விலங்குகளை மட்டுமே வைத்திருக்கும் உயிரியல் பூங்கா ஒன்று உண்டு, மலைச்சரிவில். பெரிய பூங்கா இல்லை, அதனாலேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சரியான அளவு.

எந்த மாதம் போவது?

முடிந்தால் மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை, இல்லாவிட்டால் செப்டம்பர். பள்ளி விடுமுறையால் ஜூலை, ஆகஸ்ட்தான் வாய்க்கிறது என்றால் தெற்கை விட்டு வடக்கே போங்கள்: டென்மார்க், நெதர்லாந்து, ஜெர்மனியின் வடபகுதி, ஆல்ப்ஸ். ரோமிலும் ஸ்பெயினின் செவில்லாவிலும் கோடையில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பழைய வீடுகள் பலவற்றில் ஏசி இருக்காது. இத்தாலியில் ஆகஸ்ட் 15 பெரிய விடுமுறை. அதை ஒட்டி நகரத்துக் கடைகள் பல மூடியிருக்கும், கடற்கரைகள் நிரம்பி வழியும்.

இன்னொன்று, ஜூனில் பாரிஸில் சூரியன் மறையவே இரவு 10 மணி ஆகும். வெளிச்சம் இருக்கும்வரை தூங்க மாட்டேன் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். ஜன்னலுக்கு வெளிக்கதவோ தடித்த திரையோ இருக்கிறதா என்று வீடு எடுக்கும்போதே கேளுங்கள்.

விசா: பிள்ளைகளுக்கும் தனியாக எடுக்க வேண்டுமா?

உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை என்றால், கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம்தான். ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் உள்ளன. ஒரே விசாவில் இவை அனைத்துக்கும் போகலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் இல்லை. லண்டனைச் சேர்த்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும், செலவும் தனி.

ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12 வயதுக்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் வேறு. 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் கைரேகை எடுப்பதில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கடைசித் தேதியை நம்பி இருக்காதீர்கள். சந்திப்பு நேரம் கிடைப்பதே கோடைக்கு முன்னால் பெரும்பாடு, முடிவு சொல்ல 45 நாள் வரைகூட எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது.

எந்த நாட்டில் அதிக நாள் இருக்கப்போகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பம் போக வேண்டும். நாட்கள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. எங்கள் திட்டத்தில் இத்தாலி 13 இரவு, அதனால் இத்தாலி. பாஸ்போர்ட், நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுகள் பெரியவர்களுடையதைவிடச் சீக்கிரம் காலாவதியாகும், அதை முதலில் பாருங்கள். மருத்துவக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் அழைத்துப் போகிறீர்கள் என்றால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். விசா வாங்கியாகிவிட்டது என்று அதை வீட்டில் வைத்துவிடாதீர்கள். எல்லையிலும் கேட்கலாம், பிறப்புச் சான்றிதழின் நகலோடு கைப்பையில் இருக்கட்டும்.

எவ்வளவு நாள் தங்கலாம்?

ஷெங்கன் பகுதிக்குள் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள். விசாவில் அதற்குக் குறைவாக எழுதியிருந்தால் எழுதியிருப்பதே கணக்கு. நுழைந்த நாளும் கிளம்பும் நாளும் இரண்டும் எண்ணப்படும்.

2025 அக்டோபரிலிருந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, வருகையையும் புறப்பாட்டையும் கணினியில் பதியும் முறை வந்திருக்கிறது. முதல் முறை முகப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் கீழ் முகப்படம் மட்டும். வரிசை நீளமாக இருக்கலாம். தின்பதற்கு ஏதாவதும் ஒரு பாட்டில் தண்ணீரும் கையில் இல்லாமல் அந்த வரிசையில் நிற்காதீர்கள்.

ரயிலா, காரா, உள்நாட்டு விமானமா?

ஊருக்கு ஊர் ரயில். கிராமத்தில் தங்கும் வாரத்துக்கு மட்டும், தேவைப்பட்டால், கார். விமானம் கடைசி வழி.

ரயிலில் பிள்ளை எழுந்து நடக்கலாம், மேசையில் வரையலாம், எப்போது வேண்டுமானாலும் கழிப்பறை போகலாம். நகரத்தின் நடுவில் ஏறி நடுவிலேயே இறங்குகிறோம். பெல்ட் கழற்று, ஷூ கழற்று என்ற வேலை இல்லை.

சில நாடுகள் ரயிலிலேயே பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கின்றன. சுவிஸில் நகரங்களை இணைக்கும் இரட்டை அடுக்கு ரயில்கள் சிலவற்றின் மாடியில் சறுக்குமரத்தோடு ஒரு குட்டி விளையாட்டு மைதானமே இருக்கும். ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட் ரயில்களில் குடும்பப் பகுதியும் பிள்ளைகளுக்கான படத்திரையும் உண்டு. ஜெர்மனியின் ஐசிஇ ரயில்களில் கைக்குழந்தைகளோடு வருகிறவர்களுக்கென்று தனி அறை உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே இந்த இருக்கைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏறிய பிறகு தேடினால் கிடைக்காது.

கட்டண விதி நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 6 வயதுக்குக் கீழ் டிக்கெட்டே வேண்டாம். 6 முதல் 14 வரை, பெரியவர் டிக்கெட்டில் எத்தனை பிள்ளைகள் என்று சேர்த்துவிட்டால் இலவசம். சேர்க்க மறந்தால் இலவசம் இல்லை. சுவிஸில் 6 வயதுக்குக் கீழ் இலவசம். 6 முதல் 15 வரை, பெற்றோரிடம் சுவிஸ் பயண அட்டை இருந்தால் குடும்ப அட்டை ஒன்றை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதில் பிள்ளைகளுக்கும் பயணம் இலவசம். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான யூரெயில் அட்டையில் ஒரு பெரியவரோடு 4 முதல் 11 வயதுள்ள இரண்டு பிள்ளைகள் வரை இலவச அட்டை கிடைக்கும்.

ஆனால் நான்கைந்து முறை மட்டும் ரயில் ஏறப்போகிறீர்கள் என்றால் யூரெயில் லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இத்தாலி, பிரான்ஸ் அதிவேக ரயில்களில் அட்டை இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனிக்காசு, இலவச அட்டை வைத்திருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து. இரண்டு மூன்று மாதம் முன்பே தனி டிக்கெட்டாக எடுத்ததில் எங்களுக்கு நன்றாகவே மிச்சமானது.

ரயில் தாமதமானால் சும்மா விடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் டிக்கெட் விலையில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். இயற்கைச் சீற்றம் மாதிரியான சில காரணங்களுக்கு விலக்கு உண்டு.

கார் எடுத்தால் குழந்தை இருக்கை கட்டாயமா?

கட்டாயம். நாட்டைப் பொறுத்து 135 அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பிள்ளைக்கு ஏற்ற இருக்கை வேண்டும். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் 150. வாடகை நிறுவனம் தரும் இருக்கை அழுக்காகவோ, பிள்ளையின் எடைக்குப் பொருந்தாமலோ இருந்ததை நாங்களே பார்த்திருக்கிறோம். 4 வயதுக்கு மேல் என்றால் மடக்கும் வகை பூஸ்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நிம்மதி.

இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிக்குள் காரைக் கொண்டுபோகவே போகாதீர்கள். அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதி என்று வாசலில் பலகையும் கேமராவும் இருக்கும். அபராதச் சீட்டு மாதக் கணக்கில் கழித்து வீடு தேடி வரும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வேண்டும் என்றால் முன்பே சொல்லி வையுங்கள், கையால் கியர் மாற்றும் வண்டிகள்தான் அங்கே மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும்.

ஹோட்டலா, அப்பார்ட்மென்டா?

5 இரவுக்கு மேல் என்றால் சமையலறையும் வாஷிங் மெஷினும் உள்ள அப்பார்ட்மென்ட். நான்கு பேருக்கு ஒரே அறை கொடுக்கும் ஹோட்டல்கள் ஐரோப்பாவில் குறைவு, இரண்டு அறை எடுத்தால் செலவு இரட்டிப்பு. பிள்ளைகள் 8 மணிக்குத் தூங்கிய பிறகு நீங்கள் இருட்டில் கிசுகிசுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல், இன்னொரு அறையில் மறுநாள் பற்றிப் பேசவும் முடியும். ஓரிரு இரவுக்கு நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் ஹோட்டல் எடுங்கள். குடும்ப அறைகள் உள்ள யூத் ஹாஸ்டல்களும் நல்ல தேர்வு. இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் பண்ணை வீடுகளில் தங்கலாம், கோழியும் கன்றுக்குட்டியும் இருக்கும் இடத்தில் பிள்ளைகளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

எடுப்பதற்கு முன் எத்தனையாவது மாடி என்று கேளுங்கள். அங்கே தரைத்தளம் பூஜ்யம், முதல் மாடி என்பது அதற்கு மேலே. ஒரு வீட்டு விளம்பரத்தில் "லிஃப்ட் உண்டு" என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் லிஃப்டின் வாசலே 14 படிக்கு மேலே இருந்தது. அதற்குள் ஒருவரும் ஒரு பெட்டியும் நிற்கலாம், அவ்வளவுதான். மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் நாலாவது மாடிவரை நடந்தேன். அன்றிலிருந்து, "வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி, மடக்கிய ஸ்ட்ரோலர் உள்ளே போகுமா" என்று எழுதிக் கேட்டுப் பதில் வந்த பிறகுதான் பணம் கட்டுகிறேன். ஜன்னல்களுக்குப் பூட்டு இருக்கிறதா, பால்கனிக் கம்பிகளின் இடைவெளி எவ்வளவு என்பதையும் கூடவே கேளுங்கள்.

பல ஊர்களில் ஓர் இரவுக்கு ஒருவருக்கு இவ்வளவு என்று தங்கும் வரி உண்டு. சில இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விலக்கு.

ஸ்ட்ரோலர் கொண்டுபோகலாமா?

4 வயது வரை கட்டாயம் கொண்டுபோங்கள், நன்றாக நடக்கிற பிள்ளையாக இருந்தாலும் சரி. ஒரு கையால் மடித்துத் தோளில் மாட்டக்கூடியது வேண்டும். கல் பாவிய தெருக்களில் மிகச்சிறிய சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

பாரிஸ் மெட்ரோவில் பழைய நிலையங்கள் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் இல்லை. 1998-இல் திறந்த 14-ஆம் வழித்தடத்தில் எல்லா நிலையங்களிலும் உண்டு. மற்ற இடங்களுக்குப் பேருந்தே மேல். தாழ்தள வண்டி, ஸ்ட்ரோலரை அப்படியே ஏற்றலாம், ஜன்னல் வழியே ஊரும் தெரியும். வெனிஸில் 400-க்கும் மேல் பாலங்கள், அநேகமாக எல்லாவற்றுக்கும் படிகள். அங்கே போனால் ஸ்ட்ரோலரை விட்டு, குழந்தையை முதுகில் சுமக்கும் பையை எடுங்கள்.

ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும்?

காலையில் ஒன்று. மதியம் வீட்டுக்குத் திரும்பி ஓய்வு. மாலையில் பூங்கா. இவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றைத் திணித்த ஒவ்வொரு நாளும் அழுகையில்தான் முடிந்தது.

அந்தக் காலை நேரத்து ஒன்று பெரிய இடமாக இருக்கலாம், ரோமின் கொலோசியம் மாதிரி. எட்டரை, ஒன்பது மணிக்கே உள்ளே இருங்கள், பதினொன்றுக்கு வெளியே வந்துவிடுங்கள். மாலைப் பூங்காவைச் சும்மா நேரம் போக்குவதாக நினைக்காதீர்கள். உள்ளூர்ப் பிள்ளைகளோடு மொழியே தெரியாமல் மணலில் அணை கட்டுவதுதான் அவர்களுடைய ஐரோப்பா. பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்துக் குளத்தில் குட்டிப் பாய்மரப் படகுகளை வாடகைக்குத் தருவார்கள், கூடவே ஒரு நீளக் குச்சி. படகைத் தள்ளிவிட்டு, காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகிறதோ அந்தக் கரைக்கு ஓட வேண்டும். ஒரு மாலை முழுக்க எங்கள் பிள்ளைகள் இருவரும் அந்தக் குளத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

ரோமில் தெருவுக்குத் தெரு, வளைந்த மூக்கு மாதிரிக் குழாய் வைத்த இரும்புத் தண்ணீர்த் தூண்கள் நிற்கும். நாசோனி என்பார்கள். நாள் முழுதும் குளிர்ந்த குடிநீர் கொட்டிக்கொண்டே இருக்கும். கீழே குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேல்வளைவில் இருக்கும் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் வில்லாக வளைந்து வரும், அதில் வாய் வைக்காமல் குடிக்கலாம். ஒரு வயதான பெரியவர் மகளுக்கு இதைச் செய்து காட்டினார். அதன் பிறகு எந்தத் தூணையும் அவள் சும்மா கடக்கவில்லை. அவள் நின்று குடித்து, தம்பிக்கும் அடைத்துப் பிடித்து, இருவரும் நனைந்து முடிக்கும்வரை காத்திருப்போம். இந்த மாதிரி நிற்பதற்கு நாளில் இடம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் காலையில் ஒன்று மட்டும் என்கிறேன்.

முதல் மூன்று நாளுக்கு இந்தக் கணக்கும் செல்லாது. கிழக்கிலிருந்து போகிறவர்களின் பிள்ளைகள் விடியற்காலை 4 மணிக்கே எழுந்துவிடுவார்கள், மாலை 5-க்குத் தலை சாயும். காலையில் கண்ணில் வெயில் படும்படி வெளியே கூட்டிப்போங்கள். பணம் கட்டிய எந்த டிக்கெட்டையும் அந்த மூன்று நாளில் வைக்காதீர்கள்.

மியூசியம் எல்லாம் பிள்ளைகளுக்குச் சரிப்படுமா?

ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் சரிப்படும். பாரிஸின் லூவ்ரில் 18 வயதுக்குக் கீழ் இலவசம். கொலோசியம், ஃப்ளாரன்ஸின் உஃபிஸி, மாட்ரிட்டின் பிராடோ ஆகியவற்றிலும் அப்படியே. பிள்ளைக்கு இலவசம் என்றாலும் நேரம் குறித்த டிக்கெட் எடுக்க வேண்டிய இடங்கள் உண்டு. கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகியிருக்கும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். லூவ்ர் செவ்வாயன்று மூடியிருக்கும், உஃபிஸி திங்களன்று.

உள்ளே போய் எல்லாவற்றையும் காட்ட முயலாதீர்கள். கடையில் முதலில் ஐந்து அஞ்சலட்டைகளைப் பிள்ளையையே எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த ஐந்தையும் கூடங்களில் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அன்றைய வேலை. மகள் லூவ்ரில் இப்படித்தான் இரண்டு மணி நேரம் சலிக்காமல் நடந்தாள்.

பிள்ளைகளுக்கென்றே இருக்கும் இடங்களையும் சேருங்கள். வியன்னாவின் ஷோன்ப்ரூன் உயிரியல் பூங்கா 1752-இல் தொடங்கியது, உலகில் இன்றும் இயங்குபவற்றில் மிகப் பழையது. கோபன்ஹேகனின் டிவோலி கேளிக்கைப் பூங்கா 1843-இல் திறந்தது. பாரிஸின் தாவரத் தோட்டத்தில் ஒரு கூடம் நிறைய எலும்புக்கூடுகள் ஒரே திசை பார்த்து ஊர்வலம் போவது போல நிற்கும். டைனோசர் பித்துள்ள பிள்ளை இருந்தால் அரை நாள் ஒதுக்குங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

வெளியே சாப்பிடுவதை மதியத்துக்கு மாற்றுங்கள். மதியத்தில் பல உணவகங்கள் குறைந்த விலைக்கு அன்றைய உணவு என்று தருவார்கள். இரவில் சிக்கல் நேரம்தான். இத்தாலியில் 7, ஏழரைக்கு முன் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். ஸ்பெயினில் எட்டரை, ஒன்பது. அதற்குள் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். இரவுச் சமையல் வீட்டில், பாஸ்தாவோ சோறோ.

ஜெர்மனி, ஆஸ்திரியாவில் ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பாலும் பழமும் வாங்கி வையுங்கள். மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைதான் கதி.

பிள்ளைக்கு ஒவ்வாமை இருந்தால் தயங்காமல் கேளுங்கள். நிலக்கடலை, பால், முட்டை, எள் உட்பட 14 ஒவ்வாமைப் பொருட்கள் உணவில் உண்டா என்று சொல்வது ஐரோப்பிய ஒன்றிய உணவகங்களின் சட்டக் கடமை. பெயரை அந்த ஊர் மொழியில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக் காட்டுங்கள்.

கழிப்பறை கிடைக்குமா?

கிடைக்கும், பல இடங்களில் காசு கொடுத்தால். 50 சென்ட், 1 யூரோ நாணயங்களைத் தனிப் பையில் சேர்த்து வையுங்கள். மியூசியத்தையோ உணவகத்தையோ விட்டு வெளியே வரும்போதெல்லாம், வருகிறதோ இல்லையோ, ஒரு முறை போகச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால்?

அவசரம் என்றால் 112. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இதே எண், கட்டணம் கிடையாது. சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் முதலில் மருந்தகம், பச்சைச் சிலுவை விளக்கு எரியும். ஜெர்மனியில் சிவப்பு நிறத்தில் A என்ற எழுத்து. மருந்தாளுநர்கள் பொறுமையாகக் கேட்டு வழி சொல்வார்கள். பிரான்சிலும் ஜெர்மனியிலும் பாராசிட்டமால்கூட மருந்தகத்தில்தான் வாங்க முடியும், சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. அதனால் இரவில் தேடி அலையாமல், பிள்ளை வழக்கமாகக் குடிக்கும் காய்ச்சல் மருந்தும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் தெர்மாமீட்டரும் கொண்டுபோங்கள். பிள்ளைகளின் எடையை எழுதி வையுங்கள், மருந்தளவு அதை வைத்துத்தான் சொல்வார்கள்.

ஆஸ்திரியாவிலும் தெற்கு ஜெர்மனியிலும் புல்வெளியில் விளையாடிய நாளில், இரவு குளிக்க வைக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அங்குள்ள உண்ணிகள் மூளைக்காய்ச்சலையும் லைம் நோயையும் பரப்பக்கூடியவை. மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. போடத்தான் வேண்டுமா என்று கிளம்பும் முன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

எவ்வளவு லக்கேஜ்?

பெரியவருக்கு ஒரு பெட்டி, ஒரு முதுகுப்பை. எந்த நேரமும் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு கை சும்மா இருக்க வேண்டும், அது பிள்ளையின் கையைப் பிடிக்க. ஒரு வாரத்துக்குத் துணி போதும், துவைத்துக்கொள்ளலாம். டயபரும் ஈரத் துடைப்பானும் எல்லா ஊர்ச் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், மூன்று நாளுக்கு மேல் சுமக்காதீர்கள். பழகின போர்வை ஒன்று, பிடித்த பொம்மை ஒன்று கண்டிப்பாக.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால்?

தினமும் காலையில் கிளம்பும்போது பிள்ளைகளின் முழு உருவத்தையும் ஒரு போட்டோ எடுங்கள். அன்று என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்று பதற்றத்தில் நினைவுக்கு வராது. கையில் கட்டும் பட்டையின் உள்பக்கம் உங்கள் போன் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். "காணோம்னா நின்ன இடத்திலேயே நில்லு, நாங்க தேடி வருவோம்" என்று சொல்லிப் பழக்குங்கள். யாரிடமாவது உதவி கேட்க வேண்டி வந்தால், குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவிடம் போகச் சொல்லுங்கள். ரயில் நிலையத்தில் ஏறும்போது ஒரு பெரியவர் முதலில், நடுவில் பிள்ளைகள், கடைசியில் இன்னொருவர். இந்த வரிசையை ஒருநாளும் மாற்றாதீர்கள்.

எதை முதலில் பதிவு செய்வது?

விமான டிக்கெட் முதலில், அதிலேயே நுழையும் ஊரும் கிளம்பும் ஊரும் முடிவாகிவிடும். விசா தேவைப்படுகிறவர்கள் மாற்றவோ ரத்து செய்யவோ கூடியதாக எடுங்கள். அடுத்து, இலவசமாக ரத்து செய்யக்கூடிய வீடுகள். பிறகு விசா. அது கைக்கு வந்ததும் ரயில் டிக்கெட்டுகள். கடைசியில் நேரம் குறித்த நுழைவுகள், ஒரு ஊருக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்லம் மாதிரிச் சில இடங்களுக்கு மட்டும் தனிக் கவனம்: ஒவ்வொரு செவ்வாயும் காலை 10 மணிக்கு, ஆறு வாரம் கழித்து வரும் தேதிகளுக்கான டிக்கெட்டைத் திறப்பார்கள், சீக்கிரமே தீர்ந்துவிடும்.

திரும்பும் விமானம் காலையில் என்றால் கடைசி இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். முந்தின நாள் மாலையே அங்கே போய்விட்டால், பிள்ளைகள் ஜன்னலில் சாய்ந்து விமானங்களை எண்ணிக்கொண்டே தூங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் 31 வரை போனது.